பட்டியலில் ஓர் இடம்

"வேலையை விட்டுப் போன ஆளின்ர பேரைப் போட ஏலாது, பிருந்தன். இதை நான் எத்தினை தரம் சொல்றது?"

பாலாம்பிகை அக்கா கணினியிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னார். யப்பானிய வீடியோ விளையாட்டுகளை ஆங்கிலத்துக்கும் பிரெஞ்சுக்கும் மாற்றி மேற்கு நாடுகளில் வெளியிடும் அந்தச் சின்ன மொன்றியல் கொம்பனியில் அவர்தான் தயாரிப்புப் பொறுப்பாளர். பிருந்தன் அங்கே மொழிபெயர்ப்பாளன். வேலைக்குச் சேர்ந்து இன்னும் ஒரு வருசம் ஆகவில்லை.

"பதினாலு மாசம், அக்கா. பதினொரு அத்தியாயம். டனி அண்ணை தனியாளா இருந்து ஆங்கிலத்துக்கு மாத்தினது. நான் செய்தது கடைசி அத்தியாயம் ஒண்டுதான்."

"அதுக்கு? விளையாட்டு வெளிவாற நாளில வேலையில இருக்கிற ஆக்களின்ர பேர்தான் முடிவில திரையில வரும். விளையாட்டைச் செய்த ஒசாகாக்காரர் ஒப்பந்தத்தில எழுதி வைச்ச விதி. உங்கட டனி அண்ணைக்கும் அது நல்லாத் தெரியும். இன்னும் கொஞ்சம் பொறுத்திருக்கலாமே, ஆர் அவரைப் போகச் சொன்னது?"

அதுதான் பிருந்தனுக்கும் விளங்கவில்லை. கடைசி அத்தியாயம் யப்பானிலிருந்து வந்து சேர்ந்த கிழமையே டனிஸ்ரன் விலகல் கடிதத்தைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். காரணம் கேட்டதற்கு, "சொந்த அலுவல்" என்றார். வேறு கொம்பனிக்கும் போகவில்லை. இப்போது ஜான்-டலோன் சந்தையில் மரக்கறிக் கடையொன்றில் நிற்கிறாராம். வேலை மனிதரை முறித்துப் போட்டுவிட்டது என்றே பிருந்தன் எண்ணிக்கொண்டான்.

"இந்தத் தொழிலில பேர்தானே அக்கா அத்தாட்சி? நாளைக்கு இன்னொரு இடத்தில வேலை கேட்டால் எதைக் காட்டுவார்? கத்தரிக்காயையோ?"

அக்காவுக்குச் சிரிப்பு வந்தது; அடக்கிக்கொண்டார்.

"பகிடி விடாதையும். பேர்ப் பட்டியல் மத்தியானம் பன்னிரண்டுக்கு ஒசாகாவுக்குப் போகவேணும். பேந்து ஓர் எழுத்தும் மாத்த ஏலாது, விளையாட்டு டிஸ்க் அடிக்கத் தொடங்கிடுவினம்."

பிருந்தன் சட்டைப்பையிலிருந்து மடித்த தாளொன்றை எடுத்து மேசையில் விரித்து வைத்தான்.

"இதென்ன?"

"ஒசாகாவுக்கு மூண்டு கடிதம் எழுதினனான். இது மூண்டாவதுக்கு வந்த பதில். வேலையில இருக்கிற ஒராள் தன்ர இடத்தை விட்டுக்குடுத்தால், அதில போன ஆளின்ர பேரைப் போடலாமாம்."

"என்னைக் கேளாமல் எழுதினீரோ?"

"கேட்டிருந்தால் விட்டிருப்பியளோ?"

அக்கா கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார்.

"சரி. மொழிபெயர்ப்பாளருக்கு எண்டு நாலே நாலு இடம். ஆர் விட்டுக்குடுக்கிறது?"

"நான்தான்."

"விசரோ உமக்கு? உம்மட முதல் விளையாட்டு இது! உம்மட அம்மா றொக்ஸ்பரோவில இருக்கிற எங்கட சனத்துக்கெல்லாம் சொல்லி வைச்சிருக்கிறா, மகன்ர பேர் வரப்போகுதெண்டு."

"அம்மாவை நான் சமாளிக்கிறன். பட்டியலில முதலாவது இடம் ஆங்கிலத்துக்கு, அது இப்ப என்ர. அதிலயே அவற்ற பேரைப் போடுங்கோ."

அக்கா கணினிப் பக்கம் திரும்பினார். டனிஸ்ரனின் பேரைத் தட்டச்சுப் பண்ணினார். பிருந்தன் பின்னால் நின்று எழுத்தெழுத்தாகச் சரிபார்த்தான். பதினொன்று நாற்பதுக்குப் பட்டியல் போனது. பன்னிரண்டு மணிக்கு அவன் மெத்ரோவில் இருந்தான்.

சந்தையில் சனம் நெரிந்தது. டனிஸ்ரன் ஏப்ரனைக் கட்டிக்கொண்டு சோளப்பொத்தி அடுக்கிக்கொண்டிருந்தார். முறிந்துபோன மனிதராகத் தெரியவில்லை. முகம் தெளிவாகத்தான் இருந்தது.

"வா தம்பி, வா! ஒரு டசின் கொண்டுபோ. காலமைதான் பிடுங்கினது."

"அண்ணை, உங்கட பேர் வருது!"

"எங்க?"

"எங்கட விளையாட்டில! ஒசாகாவோட மல்லுக்கட்டி வாங்கினனான். பட்டியலும் போயிட்டுது. இனி ஆராலயும் எடுக்க ஏலாது."

டனிஸ்ரன் கையிலிருந்த பொத்தியை மெல்லக் கீழே வைத்தார்.

"எத்தினையாவது பேர்?"

"முதலாவது!"

"கடைசி அத்தியாயம் நீதானே மாத்தினது?"

"ஓம்."

"அதின்ர முடிவில வாளை எடுத்து ஆரை வெட்டுறாங்கள்?"

"கடவுளை. யப்பான் விளையாட்டுகளில அது வழமைதானே, அண்ணை?"

"கடவுள் செத்து விழுந்த உடன திரையில என்ன வரும்?"

பிருந்தன் யோசித்தான்.

"எங்கட பதிப்பில முதல் வாறது மொழிபெயர்ப்பாளர் பட்டியல்... அதில முதலாவது உங்கட பேர்."

டனிஸ்ரன் ஏப்ரனை அவிழ்த்துவிட்டு ஒரு மரப்பெட்டியின் மேல் உட்கார்ந்தார்.

"தம்பி, ஞாயிற்றுக்கிழமையில எங்கட மாதா கோயில்ல நாப்பது பிள்ளையளுக்கு நான்தான் மறைக்கல்வி படிப்பிக்கிறன். அதில அரைவாசிப் பேர் நத்தார்ப் பரிசா, கிறிஸ்மஸுக்கு, இந்த விளையாட்டைத்தான் கேட்டிருக்கினம். போன ஆளின்ர பேரைப் போடமாட்டினம் எண்ட அந்த ஒரு விதியை நம்பித்தான்ரா நான் வேலையையே விட்டனான்!"