அன்னாசி ஜெல்லி

திருமண நாளுக்காக ரெபேக்கா செய்த ஜெல்லி கண்ணாடித் தம்ளரில் மினுங்கியது. கீழே மும்பை மாட்டுங்கா மார்க்கெட் அன்னாசி, மேலே தேங்காய்ப்பால். ஒரு வாய் சாப்பிட்டதும் கணவன் பிரைட்டனுக்கு வியர்த்தது.

ஹோட்டல் பாரில் அவன் தினமும் கலக்கும் காக்டெயிலின் அதே ருசி! ஆனால் சர்ச் உபதேசியார் மகளான அவளிடம், ரிசப்ஷனில் வேலை என்றுதான் ஆறு வருடமாகச் சொல்லியிருந்தான். உண்மை தெரிந்தால் விட்டுப் போய்விடுவாள் என்ற பயம்.

“யாருட்டி சொல்லித் தந்தா?”

“உங்க சட்டைதான். ஆறு வருசமா நாந்தான தொவைக்கேன்? கைமடிப்புல ஒருநா அன்னாசியும் தேங்காயும் மணக்கும், ஒருநா புதினா. ரிசப்ஷன்ல புதினாவுக்கு என்ன ஜோலி?”

வெறும் வாசனையை வைத்தா இத்தனை கச்சிதம்! அவன் இன்னொரு வாய் எடுத்து நிதானமாகச் சுவைத்தான்.

“சரக்கு மட்டும் சேக்கல. மத்தது சரியா இருக்கா? நீங்கதான சொல்லணும்.”

“இன்னும் ரெண்டு சொட்டு எலுமிச்சை வேணும்” என்றான், பார்டெண்டர் பிரைட்டன்.