நாலாவது சுனை

மூன்றாவது சுனையில் மிதந்த சருகுகளை அள்ளிக் கரையில் போட்டுவிட்டு எழுந்தபோது, சாஜித்தின் முழங்கால்கள் இரண்டும் போதும் போதும் என்றன.

"இன்னும் ஒண்ணுதான் பாய். அங்க போயி உக்காருங்க" என்றார் கருப்பு.

கருப்பு வனத்துறை வாச்சர். முன்னால் நடந்துகொண்டே பேசுவார். பின்னால் வருகிறவனுக்கு மூச்சு இருக்கிறதா என்று திரும்பிப் பார்க்கிற வழக்கமெல்லாம் அவருக்குக் கிடையாது.

மதுரைக்கு வடக்கே அந்த மலையைச் சுற்றி எட்டு கிலோமீட்டர் காட்டுப்பாதை. செக்போஸ்ட்டில் தொடங்கி, நாலு சுனைகளைத் தொட்டுக்கொண்டு, அதே செக்போஸ்ட்டில் வந்து முடியும்.

ஐந்து வாரமாக ஞாயிறு தவறாமல் சாஜித் அதைச் சுற்றுகிறான். சுனைகளில் கிடக்கும் பாட்டிலையும் கவரையும் பொறுக்கிச் சாக்கில் கட்டுவான். பிறகு சேறு அள்ளுவான். முனிச்சாலையில் அவனுக்குப் பிளாஸ்டிக் சாமான் கடை. வாரமெல்லாம் வித்ததை ஞாயித்துக்கிழமை திருப்பி எடுக்க வாரீகளா என்று முதல் நாளே கருப்பு கேட்டுவிட்டார்.

மூன்று சுனைகளில் தண்ணீர் தெளிந்து நிற்கிறது. இரண்டாவதில் மானின் குளம்படி கூடப் பார்த்தாயிற்று. நாலாவதுதான் அசைந்துகொடுக்கவில்லை. போன வாரம் ஒரு முழம் மண் எடுத்தும் ஈரம் தட்டவில்லை.

நாளை முதல் காட்டுத்தீ காலம். பாதையை அடைத்துவிடுவார்கள். இன்றைக்கு விட்டால் மழைக்கு அப்புறம்தான்.

எல்லாம் அவன் அம்மாவின் பேரில் செய்வது. இறந்தவர் பேரில் கொடுக்கிற தண்ணீர் அவரைப் போய்ச் சேரும் என்பது அவர்கள் நம்பிக்கை. தெருவில் மற்றவர்கள் பள்ளிவாசலுக்கு வாட்டர் கூலர் வாங்கிக் கொடுத்து, அதில் பெயரும் எழுதி வைப்பார்கள்.

"நாலு பேரு குடிக்கிற எடத்த விட்டுட்டு, காட்டுல போயி யாருக்குங்க தண்ணி?" என்று கேட்டாள் அவன் மனைவி ஃபாயிஸா.

வாய்விட்டுக் கேட்கத் தெரியாத ஜீவன்களுக்கு என்றான். அவளுக்கு அது பதிலாகப் படவில்லை.

நாலாவது சுனை, சரிந்த பாறைக்கு அடியில் ஒரு குழி. அவ்வளவுதான். சாஜித் கொண்டுவந்திருந்த கம்பியைக் கருப்பு வாங்கித் தூர வைத்துவிட்டார். இரும்பு பட்டால் ஊற்று விலகிப் போகும், விரலால்தான் தோண்ட வேண்டும் என்பது அந்தப் பக்கத்துப் பழக்கம்.

சாஜித் குப்புறப் படுத்து, தோள் வரைக்கும் கையை விட்டு மண்ணைப் பறித்தான். வெயில் முதுகிலிருந்து இறங்கிக் காலுக்குப் போனது. இரண்டு விரலில் நகம் பெயர்ந்தது. யா அல்லாஹ், இதை மட்டும் திறந்துவிடு என்று சத்தமாகவே கேட்டான்.

திடீரென்று விரல் நுனியில் சில்லென்றது.

அவன் கையை எடுக்கவில்லை. விரலைச் சுற்றி முதலில் சேறு கசிந்தது. பிறகு கலங்கல். பிறகு, கொஞ்சம் கொஞ்சமாக, தண்ணீர். சாஜித் பாறையில் நெற்றியை வைத்து அழுதான்.

கருப்பு அவசரப்படுத்தவில்லை. தண்ணீர் தெளியட்டும் என்று ஒரு பீடி நேரம் காத்திருந்தார், காட்டுக்குள் பீடி பற்றவைக்காமலேயே. பிறகு ஒரு தேக்கிலையைத் தொன்னையாக மடித்து, மொண்டு நீட்டினார்.

"தொறந்தவுகதான் மொத வாய் குடிக்கணும். இல்லன்னா வத்திரும் பாய்."

சாஜித் அதை வாங்கவில்லை. "நீங்க குடிங்கண்ணே."

"நாங் குடிச்சா செல்லாது. ஏன், நோம்பா?"

இல்லை என்று தலையசைத்தான். நோன்பென்றால் சொல்லிவிட்டுப் போயிருப்பான்.

அம்மாவுக்கு ஆப்பரேஷன் முடிந்த மறுநாள் மத்தியானம், இனி ஸ்பூனில் தண்ணீர் கொடுக்கலாம் என்று நர்ஸ் சொல்லிவிட்டுத்தான் போனாள். சாஜித்துக்குப் பயம். ஒன்று கிடக்க ஒன்று ஆகிவிட்டால் என்ன செய்வது?

"சாயங்காலம் டாக்டர் வரட்டும்மா. ஒரு வார்த்த கேட்டுட்டுத் தாரேன்."

பஞ்சை நனைத்து உதட்டைத் துடைத்தான். அம்மா அந்தப் பஞ்சைப் பல்லால் கவ்விக்கொண்டாள். அவன்தான் மெதுவாக இழுத்து எடுத்தான்.

டாக்டர் வருவதற்குள் அவள் நாலு தடவை கேட்டாள். நாலாவது தடவை அவன் பேர் சொல்லிக் கேட்டாள்.

டாக்டர் வந்தபோது கேட்பதற்கு ஒன்றும் இல்லை.

இதை அவன் ஃபாயிஸாவிடம் கூடச் சொன்னதில்லை.

கருப்பு நீட்டிய கையை மடக்கவில்லை. தேக்கிலையின் மடிப்பில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. சாஜித் உட்கார்ந்து, அதை இரண்டு கையாலும் வாங்கி, பிஸ்மில்லாஹ் சொல்லி வாயில் வைத்தான்.

தண்ணீர் இனித்தது. அதைத்தான் அவனால் விழுங்க முடியவில்லை.