சோதனை வீடியோ

"வெளிச்சம் இருக்கும்போதே..." என்று பெரியப்பா மைனா ஏதோ சொல்வார். மீதி மைனா முத்தையனுக்கு ஞாபகமில்லை.

கூடு கட்டப் பொந்து பார்ப்பது எப்படி என்று மனைவி செவ்வந்தி பேச, அதை வீடியோவாகப் போட வேண்டுமென்பது முத்தையனின் ஆசை. இருந்ததோ விரிசல் விழுந்த பழைய செல்போன்.

"கொட்டாங்கச்சியில சாய்ச்சு வைங்கண்ணே, நானே போதும்" என்றது செல்போன்.

சோதனைக்கு ஒன்று எடுத்தார்கள்.

"மூஞ்சி மங்கலா இருக்கு. நல்ல கேமரா வரட்டும்" என்றான் முத்தையன்.

"அதுக்குள்ள கிழவியாயிடுவேன்" என்று சிரித்தாள் செவ்வந்தி.

ஆகவில்லை. ஆடி மாதத்தில் அவளைப் பருந்து தூக்கிப்போனது.

ஒருநாள் செல்போன் தயங்கிக் கேட்டது: "அண்ணே, அந்த மங்கல் வீடியோ வேணாம்னீங்களே. அழிச்சிடவா?"

முத்தையன் அதை ஓடவிட்டான்.

"ஏங்க, ஓடுதா? இப்பப் பேசலாமா?" என்று கேட்டாள் செவ்வந்தி. அவ்வளவுதான் இருந்தது.

அதையே முதல் வீடியோவாகப் போட்டான்.