தீமிதிக்கு முந்தின ராத்திரி

சட்டைக் கையை மணிக்கட்டு வரை இழுத்துவிட்டுக்கொண்டு, சுவரைப் பார்த்த மேசையில் உட்கார்ந்தான் கலியமூர்த்தி. மணி பதினொன்றரை. மறுநாள் சாயங்காலம் திரௌபதி அம்மன் கோயிலில் அவன் தீ மிதிக்க வேண்டும்.

டெங்குவில் கிடந்த மகள் பூவிழி பிழைத்தால் தீ மிதிப்பதாக நேர்ந்துகொண்டவன். காப்புக் கட்டிப் பத்து நாள் ஆகிறது, பத்து நாளும் தயிர்சோறுதான். வேலை முடிந்து மூலக்குளத்து வீட்டுக்குத் திரும்புகிறவனை, ஊரே அடங்கிய பிறகும் டகடகவென்று கொத்துகிற இந்தப் பரோட்டாக் கடை தினமும் இழுத்தது. இன்று வண்டியை நிறுத்தியே விட்டான். பாழாய்ப்போன நாக்கு!

"ரெண்டு பரோட்டா... ஒரு மட்டன் சுக்கா," என்றான், குரலைத் தாழ்த்தி.

தண்ணீர் டம்ளருக்குக் கை நீட்டியபோது சட்டை மேலேறி, மஞ்சள் காப்புக் கயிறு வெளியே தெரிந்தது. சப்ளையர் கோவிந்தராசு அதைப் பார்த்தான். திரும்பி உள்ளே போனான்.

சுக்கா வந்தது. மிளகும் கறிவேப்பிலையுமாகக் கமகமத்தது, ஒரு எலும்புகூட இல்லை. தெரிந்தவர் யாராவது வந்துவிடப் போகிறார்களே என்று சரியாக மெல்லாமலே விழுங்கினான்.

கை கழுவும்போதே அழுகை முட்டியது. 'என் புள்ளைக்கு மறுபடி ஏதாவது ஆச்சுன்னா?'

மறுநாள் நெருப்புக் குழி முன்னால் கால் நகரவில்லை. தடாலென்று பூசாரி காலில் விழுந்தான். "சாமீ, நேத்து ராத்திரி கறி தின்னுட்டேன்!"

பூசாரி அவன் காப்பை அறுத்தார். ஊரே வேடிக்கை பார்த்தது.

மனைவி தனக்கொடிதான் கத்தினாள். "பெத்த புள்ள உசுருக்கு நேந்துகிட்டதுய்யா! பத்து நாளு வாயக் கட்ட முடியலியா உன்னால?" மகளை அழைத்துக்கொண்டு அப்போதே காலாப்பட்டுக்கு, அம்மா வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள்.

ஆளில்லாத வீட்டில் அவனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. மறுபடியும் அதே கடைக்கு வந்து உட்கார்ந்தான். "என்னமோ ஒண்ணு குடு," என்றான்.

கோவிந்தராசு அவன் வெறுங்கையைப் பார்த்துச் சிரித்தான். "தீமிதி முடிஞ்சுதுல்ல? அப்ப இன்னைக்கி நெஜ மட்டனே தர்றேண்ணே."

"நெஜ மட்டனா? அப்ப நேத்து?"

"காப்புக் கட்டுனவங்க கேட்டா, நாங்க மீல்மேக்கர்தாண்ணே வறுத்துத் தருவோம்."