யோகராணியின் மொழிபெயர்ப்பு

1974. மெல்பேர்ணுக்கு மேற்கே அந்த முட்டைக்கோவாத் தோட்டத்தில் பனிமூட்டம் இன்னும் கலையவில்லை. பழைய டிராக்டர் அதற்குள் நின்று, கனவில் பேசுவதுபோல் முணுமுணுத்தது. இடையிடையே ‘டக்’ என்றது.

“உன் புருசனுக்கு இங்கிலிஷ் ஒரு சொல்லும் தெரியாதா?” என்று கேட்டார் முதலாளி கென்.

“தெரியாது சேர். நான் சொல்லுவன்,” என்றாள் யோகராணி. உண்மையைச் சொன்ன இரண்டு இடங்களில் வேலை கிடைக்கவில்லை. இதுவும் போனால் வாடகை அறையும் போய்விடும்.

சிறிதரன் ஸ்குரூ டிரைவரின் நுனியை எஞ்சினின் முன்மூடியில் ஊன்றி, பிடியைப் பற்களால் கடித்துக்கொண்டு கண்களை மூடினான்.

“எல்லாரும் பிடியைக் காதிலே வைச்சுச் சத்தம் கேட்பாங்க. இவன் கடிக்கிறானே, பசியா?” கென் சிரித்தார்.

சிறிதரன் மெல்லக் கண் திறந்தான். “ரைமிங் கியர் சக்கரம். அதிலை ஒரு பல்லு போயிட்டுது.”

அவள் மொழிபெயர்த்தாள். மத்தியானத்துக்குள் மூடியைக் கழற்றிப் பார்த்தார்கள். ஒரு பல் உடைந்துதான் இருந்தது.

“திங்கட்கிழமை வரச் சொல்லு. பாஷை தெரியாட்டி என்ன!”

யோகராணி கணவனின் உள்ளங்கையில் ‘திங்கள்’ என்று விரலால் எழுதினாள்.

ஊரில் ஆலை பாய்லர் வெடித்து ஏழு வருடமாகிறது. அன்றிலிருந்து அவன் காதில் தமிழும் விழுந்ததில்லை.