சிமிட்டாத வரி

"இன்னைக்காச்சும் உன்ர பொட்டி ஒழுங்கா ஓடுமா கன்னையா? இல்ல, ஒரு எழுத்தைத் திருத்தறதுக்கு ஊடு பூராத்துக்கும் வெள்ளையடிக்குமா?"

கேட்டுக்கொண்டே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார் ஆறுச்சாமி. மண்ணரை ஊரில் பனியனுக்கு லேபிள் அச்சடிக்கும் கம்பெனியின் முதலாளி. அவர் கேள்வியில் நியாயம் இருந்தது. தொண்ணூற்றிரண்டில் ஆசைப்பட்டு வாங்கிய அந்தக் கம்ப்யூட்டருக்கு ஒரு கெட்ட குணம். லேபிளில் ஒரு புள்ளியைத் திருத்தினாலும் திரை மொத்தமும் கறுத்துவிடும். பிறகு மேலேயிருந்து கோடு கோடாக எல்லாவற்றையும் மறுபடி வரைந்துகொண்டு வரும். அதற்குள் ஆறுச்சாமி ஒரு டீயைக் குடித்து முடித்துவிடுவார்.

"வெள்ளிக்கிழமைக்குள்ள இது வேகமா ஓடலைன்னா பொட்டியும் வேண்டாம், நீயும் வேண்டாம்" என்று கறாராகச் சொல்லியிருந்தார். இன்று வெள்ளிக்கிழமை.

"ஓடுமுங்க மொதலாளி" என்றான் அந்தக் கம்ப்யூட்டரில் வேலை பார்க்கும் கன்னையன். சந்தோஷத்தில் அவனுக்குக் கால் தரையில் பாவவில்லை. "பழைய படத்தையும் புதுப் படத்தையும் ஒத்துப் பாக்கறதுக்குச் சொல்லிக் குடுத்திருக்கறனுங்க. எந்தப் புள்ளி மாறுச்சோ அதை மட்டுந்தான் தொடும். மாறாததைச் சீண்டவே சீண்டாதுங்க."

"அப்பிடியா? லேபிள் வேண்டாம். நம்ம மயிலாத்தா கல்யாணப் பத்திரிகையைப் போடு. அதுலயே பாத்துரலாம்."

கன்னையனின் துள்ளல் பாதியாகக் குறைந்தது. முதலாளியின் ஒரே மகள் மயிலாத்தாள் பக்கத்து மேசையில் லேபிள்களில் பிழை பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு வருஷமாக அதே மேசை, அதே சிரிப்பு. இன்றைக்குச் சொல்லிவிடலாம், நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று இவன் நாளைத் தள்ளிக்கொண்டே போனான். அதற்குள் பெருமாநல்லூர் மருதாசலம் மாப்பிள்ளையாகி, மண்டபமும் பிடித்தாகிவிட்டது. ஊமை கண்ட கனவாகப் போனது அவன் ஆசை. பத்திரிகையைத் தன் கையாலேயே அடித்தும் கொடுத்தான்.

பத்திரிகை திரையில் வந்து நின்றது.

"முகூர்த்தம் ஆறு மணியை ஏழரை ஆக்கு, பாக்கலாம்."

கன்னையன் தட்டினான். அந்த ஒரு சொல் மட்டும் கண் சிமிட்டி மாறியது. மற்றதெல்லாம் கல்லுப்பிள்ளையார் மாதிரி அசையாமல் இருந்தது.

"அட கெரகமே!" ஆறுச்சாமி நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். "திருப்பி ஆறாக்கு!"

சிமிட்டியது.

"என்ர பேருக்கு முன்னால 'திரு' போடு! எடுத்துப்போடு! மறுக்கா போடு!"

மூன்று முறை சிமிட்டியது. டீக்கு ஆள் அனுப்பியதையும் மறந்து, கோயில் பொங்கலுக்கு வாண வேடிக்கை பார்க்கிற குழந்தையாகக் கைதட்டினார் முதலாளி. மயிலாத்தாளும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அரை மணி நேரம் இந்தக் கூத்து நடந்தது.

"செரி, ஆறே இருக்கட்டும். ஒண்ணு அச்சடிச்சுக் குடு."

பிரிண்டர் கறகறவென்று தாளைத் தள்ளியது. ஆறுச்சாமி அதைக் கிழித்தெடுத்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு உரக்கப் படித்தார்.

"நிகழும் ஆவணி மாதம்... எனது மகள் செல்வி மயிலாத்தாளுக்கும், செல்வன்..." நிறுத்தினார். "செல்வன் கன்னையனுக்கும்?"

கன்னையன் சட்டென்று திரும்பினான். திரையைப் பார்த்தான். மாப்பிள்ளை பெயர் இருக்கவேண்டிய இடத்தில் அவன் பெயர்தான் இத்தனை நேரமும் ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. சிமிட்டிய இடங்களையே பார்த்துக்கொண்டிருந்தவன் கண்ணுக்குச் சிமிட்டாத அந்த வரி தெரியவே இல்லை.

"என்னடா இது?"

"மொதலாளி... தப்பு என்ர மேலதானுங்க. நேத்து சாயங்காலம் இது ஓடிருச்சுங்கற சந்தோசத்துல, ஆளில்லைன்னு வெளையாட்டுக்கு என்ர பேரை அடிச்சுப் பாத்தனுங்க. உடனே பழையபடி மாத்திட்டன்னுதான் நெனச்சனுங்க..."

"வெளையாட்டுக்கா?"

மயிலாத்தாள் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவனையே பார்த்தாள். அந்தப் பார்வைக்கு முன்னால் பொய் வரவில்லை. வேலை எப்படியும் போயிற்று, மனசில் இருப்பதாவது வெளியே வரட்டும் என்று துணிந்துவிட்டான்.

"இல்லீங்க, ஆசைக்குத்தானுங்க. ரெண்டு வருச ஆசைங்க. சொல்றதுக்குத்தான் தகிரியம் வரலீங்க. மன்னிச்சுக்குங்க, நான் போயிர்றனுங்க."

வாசலில் செருப்பைத் தேடியவனின் முதுகுக்குப் பின்னால் ஒரு வெடிச்சிரிப்பு கேட்டது. ஆறுச்சாமிதான். மகளைப் பார்த்துச் சொன்னார்.

"கேட்டயா கண்ணு? நான் நேரா கேட்டிருந்தா, மொதலாளிக்குப் பயந்துட்டுத் தலையாட்டியிருப்பான். இப்பத்தான் உள்ளதைக் கக்கியிருக்கறான்!"

கன்னையன் ஒற்றைச் செருப்போடு திருதிருவென்று விழித்தான்.

"நேத்து நீங்க ஒழுங்கா மாத்திட்டுத்தானுங்க போனீங்க. கதவுக்குப் பின்னால நின்னு நான் பாத்துக்கிட்டே இருந்தனே" என்றாள் மயிலாத்தாள், முகமெல்லாம் சிவந்து. "பெருமாநல்லூர்க்காரரு வேற பொண்ணைக் கட்டிக்கிட்டுப் போயி நாலு நாளாச்சு. நாங்கதான் இன்னும் வெளிய சொல்லலீங்க. மண்டபம், தேதி, சமையல்காரரு, பொண்ணு எல்லாம் அப்பிடியே இருக்குது. மாறுனதை மட்டும் மாத்துனாப் போதும்னு ஒரு மாசமா நீங்கதானுங்களே சொல்லிக்கிட்டிருக்கறீங்க? அதான், காலையில வந்து நானே மாத்திட்டனுங்க!"