மெதுவான பாட்டு

தேர்வு அறைக்கு வெளியே பெஞ்சில், டியூபா என்ற பெரிய ஊதுவாத்தியத்தை மடியில் அணைத்தபடி அவன் உட்கார்ந்திருக்கிறான். அதன் அகன்ற பித்தளை வாயில் டியூப்லைட் நெளிகிறது. இசைக்குழுவில் டியூபாவுக்கு ஒரே ஓர் இடம். வந்திருப்பவர்கள் ஒன்பது பேர். ஸ்வரம் குறைவு, ஆகவே சுலபம் என்று மெதுவான பாட்டைத் தேர்ந்தெடுத்துவிட்டான். மெதுவான பாட்டுக்குத்தான் மூச்சு அதிகம் வேண்டும் என்பது ஒத்திகையில் உயிர் போனபோதுதான் தெரிந்தது. இப்போது தாளில் ஸ்வரங்களைவிட, மூச்சு வாங்க அவன் பென்சிலால் போட்ட காற்புள்ளிகளே அதிகம். உள்ளே வேறொருவன் அதே பாட்டை இழுத்துக்கொண்டே போகிறான். "ஒரே மூச்சுல இருபது செகண்டு! உயிரோடதான் இருக்கானாண்ணா அவன்?" என்கிறாள் ஸ்டாப்வாட்ச் பிடித்திருக்கும் தங்கை. "பேச வெச்சு என் மூச்சை வீணாக்காதடி." கதவு திறக்கிறது. வயிறு முட்டக் காற்றை நிரப்பிக்கொண்டு அவன் எழுகிறான். "என்ன வாசிக்கப்போறீங்க தம்பி, பாட்டோட முழுப்பேரைச் சொல்லுங்க," என்கிறார் குமாஸ்தா. பாட்டின் பெயரே இரண்டு வரி.